தொளதொள லியோடார்டைப் பிள்ளைக்கு அளவாக்குவது: முழுமையான வழிகாட்டி

ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பில் பீம் என்கிற கட்டையில் ஏறுவதற்கு முன்னால் என் தங்கை மகள் ஒரு காரியம் செய்வாள். வலது தோளில் இறங்கிய துணியை மேலே ஏற்றிவிடுவாள். பிறகு பின்னால் கை கொண்டுபோய் இடுப்புக்குக் கீழே சேர்ந்து நிற்கும் துணியை இழுத்துவிடுவாள். அதற்கப்புறம்தான் காலைத் தூக்கிவைப்பாள். எட்டு வயதுப் பிள்ளை நாலு அங்குல அகலக் கட்டையில் நடக்கும்போது கவனமெல்லாம் காலில் இருக்க வேண்டும். அவளுக்கோ பாதிக் கவனம் லியோடார்டில், அதாவது உடம்போடு ஒட்டி நிற்க வேண்டிய அந்த ஒற்றை உடுப்பில் இருந்தது.

அதற்குப் பிறகு பாளையங்கோட்டையில் என் வீட்டுக்குப் பல தாய்மார் இதே குறையோடு லியோடார்டைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அக்கா போட்டது தங்கைக்கு வந்திருக்கும், அல்லது வளர்கிற பிள்ளை என்று ஒரு சைஸ் கூட்டி ஆன்லைனில் வாங்கியிருப்பார்கள். என்னிடம் தையல் பழகுகிற பெண்களும் இதைத் தொட்டிருக்கிறார்கள். பிளவுஸ், சுடிதார் நன்றாகத் தைக்கிற கையே இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். தடுமாறும் இடமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: எல்லாரும் நேராகப் பக்கத் தையலுக்குப் போய்விடுகிறார்கள்.

லியோடார்டில் தொளதொளப்பு கண்ணுக்குப் படுவது பக்கத்தில். காரணம் பெரும்பாலும் உயரத்தில் இருக்கும். தோளிலிருந்து இரண்டு காலுக்கும் நடுவே போய்த் திரும்பத் தோளுக்கு வருகிற சுற்று நீளமாக இருந்தால், மிஞ்சிய துணி இடுப்பில் வந்து மடியும். அதைப் பார்த்துப் பக்கத்தைப் பிடித்தால் நெஞ்சு இறுகும், கீழே தொங்குவது தொங்கியபடியே இருக்கும். நான் முதன்முதலில் தைத்தது இப்படித்தான் கெட்டது. பிள்ளை மூச்சை இழுத்துவிட முடியாமல் நின்றாள், பின்பக்கத் துணியை இழுத்துவிடுவது மட்டும் நிற்கவில்லை. அதனால் இந்த வழிகாட்டியில் உயரம் முதலில், அகலம் அதற்குப் பிறகு, எலாஸ்டிக் கடைசியில். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

1. முதலில் முடிவு: இதைத் தைக்கலாமா, கூடாதா

ஒரு சைஸ், அதிகம் போனால் ஒன்றரை சைஸ் பெரிதாக இருந்தால் தைக்கலாம். இரண்டு சைஸுக்கு மேல் என்றால் கைக்குழி, கழுத்து, கால் வெட்டு மூன்றுமே இடம் மாறி இருக்கும். மூன்றையும் வெட்டித் திருத்துவது புதிதாகத் தைப்பதைவிடக் கடினம். அதை மடித்து வைத்துவிட்டு இரண்டு வருஷம் கழித்து எடுங்கள், இல்லை வேறு பிள்ளைக்குக் கொடுங்கள்.

துணிக்கு உயிர் இருக்கிறதா என்றும் பாருங்கள். நடுப்பகுதியில் 10 செ.மீ. அளவைப் பிடித்து இழுத்தால் சுலபமாக 15 செ.மீ. வரை வர வேண்டும், விட்டதும் பழைய இடத்துக்குப் போக வேண்டும். நெட்டுக்கும் குறுக்குக்கும் தனித்தனியாக இழுத்துப் பாருங்கள். இழுத்தபின் அப்படியே தளர்ந்து நின்றால், துணிக்கு இழுவை தருகிற லைக்ரா இழை இற்றுப்போய்விட்டது. அதைத் தைத்தாலும் ஒரு மாதத்தில் மறுபடி தொங்கும்.

2. கையில் இருக்க வேண்டியவை

பால் பாயிண்ட் ஊசி, 11ஆம் நம்பர். இது இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம். சாதாரண ஊசியின் கூர்முனை லைக்ரா இழையைக் குத்தி அறுத்துவிடும். அந்த இடத்தில் சிறு ஓட்டை விழும், இழுக்க இழுக்க அது பெரிதாகும். பால் பாயிண்ட் ஊசியின் முனை உருண்டையாக இருப்பதால் இழைகளுக்கு நடுவே ஒதுங்கி இறங்கும். ஊசி புதிதாக இருக்கட்டும். தையல் விட்டுவிட்டு விழுந்தால் நூறில் தொண்ணூறு தடவை ஊசிதான் காரணம்.

பாலியஸ்டர் நூல். பருத்தி நூல் இழுபடாது, பிள்ளை காலை விரித்த நிமிஷத்தில் அறுந்துவிடும்.

கால் ஓரத்துக்கு 6 முதல் 8 மி.மீ. அகல எலாஸ்டிக். கடையில் வாங்கும்போது இழுத்துப் பாருங்கள். இழுத்தால் அகலம் ஒடுங்குகிற வகை வேண்டாம், ஊசி துளைத்த பிறகு அது தளர்ந்துவிடும். இழுத்தாலும் அகலம் மாறாமல் நிற்பதை எடுங்கள். திருநெல்வேலி டவுனில் ரத வீதிப் பக்கம் தையல் சாமான் கடைகளில் மீட்டர் கணக்கில் தருவார்கள். இரண்டு மீட்டர் வாங்கினால் தவறினாலும் கையில் மிச்சம் இருக்கும்.

இவற்றோடு தையல் பிரிக்கிற ஊசி, டேப், சிறிய ஊக்கு பத்துப் பன்னிரண்டு, தேய்ந்துபோன சோப்புத் துண்டு. சோப்பு எதற்கு என்றால், கறுப்பு, நீலத் துணியில் கோடு போட அதைவிட நல்லது கிடையாது. ஓரம் மெலிந்த காய்ந்த சோப்பால் கோடு போட்டால் பளிச்சென்று தெரியும், ஒரு தண்ணீரில் போய்விடும். வெளிர் நிறத் துணிக்கு மாற்று நிற நூலால் ஓட்டுத் தையல் போட்டு அடையாளம் வையுங்கள்.

மெஷின் பற்றி ஒரு வார்த்தை. ஜிக்ஜாக் வருகிற மெஷின் இருந்தால் வேலை சுலபம். வீட்டில் இருப்பது காலால் மிதிக்கிற நேர்த்தையல் மெஷின் என்றால் கவலைப்பட வேண்டாம், அதிலும் முடியும். எப்படி என்று ஐந்தாவது பகுதியில் சொல்கிறேன்.

3. அலசி, காயவைத்து, போட்டுப் பார்ப்பது

அலசாமல் அளக்கக் கூடாது. வியர்வையும் பவுடரும் ஏறிய துணி விறைத்திருக்கும். புதிய துணியில் கடைப் பசை இருக்கும். பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள்.

காய்ந்ததும் உடுப்பைப் பிள்ளைக்கு உள்பக்கம் வெளியே தெரியும்படி போட்டுவிடுங்கள். அப்போதுதான் அடையாளம் நேராகத் தையல் விழும் பக்கத்தில் இருக்கும். ஒன்று கவனிக்க வேண்டும்: இரண்டு தோளும் ஒரே அளவாக இல்லாத பிள்ளைகள் உண்டு. உள்ளே வெளியே மாற்றும்போது இடது வலதும் மாறிவிடும். அதனால் கடைசிப் போட்டுப்பார்ப்பு எப்போதும் நல்ல பக்கம் வெளியே இருக்கும்படிதான்.

நிற்கவைத்து மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். நின்றால் எல்லா உடுப்பும் அழகாகத்தான் இருக்கும். கையை மேலே தூக்கச் சொல்லுங்கள், குனிந்து தரையைத் தொடச் சொல்லுங்கள், உடம்பைப் பின்னால் வில்லாக வளைத்து பிரிட்ஜ் போடச் சொல்லுங்கள், காலை முழுக்க விரித்து ஸ்ப்ளிட் உட்காரச் சொல்லுங்கள், பாயில் ஒரு குட்டிக்கரணம் அடிக்கச் சொல்லுங்கள். குனியும்போது கழுத்து வாய்பிளக்கிறதா, கையைத் தூக்கினால் கைக்குழியில் இடைவெளி தெரிகிறதா, ஸ்ப்ளிட்டில் கால் ஓரம் உடம்பைவிட்டு எழும்புகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிரிட்ஜில் மட்டும் எதுவும் தொங்காது, அங்கே உடுப்பு இறுகுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். பிரிட்ஜில் தோள் பட்டையை இழுத்துப் பிடிக்கிற உடுப்பு, நிற்கும்போது எவ்வளவு தொளதொளவென்று இருந்தாலும் உயரத்தில் அதிகம் குறைக்க இடம் தராது.

பிள்ளையின் வாயிலிருந்தும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். "ஏட்டி, எங்க கடிக்கு, எங்க வழுகுது, தொட்டுக் காட்டு" என்று கேட்டால் பெரியவர்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தைக் காட்டுவார்கள். என் தங்கை மகள் காட்டியது அக்குளுக்குப் பின்னால் ஒரு தையல் முடிச்சு. நான் அதைப் பார்த்திருக்கவே இல்லை. பிள்ளையின் அம்மாவோ ஆச்சியோ பக்கத்தில் இருக்கட்டும், ஊக்கு குத்துவதற்கு முன்னால் எங்கே தொடப்போகிறீர்கள் என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டுத் தொடுங்கள். வளர்கிற பெண்பிள்ளைகள் கூச்சத்தில் உடம்பைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்கள். சுருங்கி நிற்கிற உடம்பில் எடுத்த அளவு பிறகு இறுகும்.

4. அளவும் கணக்கும்

இந்தப் பகுதிதான் மற்ற எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம். பேப்பர், பேனா எடுத்து உட்காருங்கள்.

உடல் சுற்று: தோளின் நடுவில் டேப்பை வைத்து, முன்பக்கமாக இறக்கி, கால் நடுவே கொண்டுபோய், முதுகு வழியாக அதே தோளுக்குக் கொண்டுவாருங்கள். பிள்ளை நிமிர்ந்து நிற்க வேண்டும், டேப் இறுகக் கூடாது. பிறகு நெஞ்சு, இடுப்பு, ஹிப் (இடுப்புக்குக் கீழே அகலமான இடம்) சுற்று.

உடுப்புச் சுற்று: லியோடார்டைத் தரையில் இழுக்காமல் விரித்து, தோள் தையலின் நடுவிலிருந்து கால் நடுத் தையல் வரை முன்பக்கம் அளந்து, பின்பக்கமும் அளந்து கூட்டுங்கள்.

லியோடார்ட் உடம்பைவிடச் சின்னதாக இருந்தால்தான் உடம்போடு ஒட்டி நிற்கும். நாலு பக்கமும் நன்றாக இழுபடும் லைக்ராவுக்கு நான் உடல் அளவில் 8 முதல் 10 சதவீதம் குறைத்து வைப்பேன். இழுவை குறைந்த துணி, வெல்வெட் என்றால் 5 சதவீதம் போதும். பிள்ளைக்குச் சரியாக இருக்கிற பழைய லியோடார்டோ நீச்சல் உடுப்போ வீட்டில் இருந்தால் இந்தச் சதவீதம் எதுவும் வேண்டாம், அதன் அளவை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கை மகளின் கணக்கைச் சொல்கிறேன். உடல் சுற்று 114 செ.மீ. ஒன்பது சதவீதம் கழித்தால் 104. உடுப்புச் சுற்று 112 இருந்தது. ஆக உயரச் சுற்றில் 8 செ.மீ. அதிகம். நெஞ்சு 60, வேண்டியது 54, உடுப்பில் 58. ஹிப் 64, வேண்டியது 58, உடுப்பில் 60. பாருங்கள், அகலத்தில் அதிகம் நெஞ்சில் 4 செ.மீ., ஹிப்பில் வெறும் 2. கண்ணுக்குத் தெரிந்த தொளதொளப்பு அத்தனையும் உயரத்திலிருந்து வந்ததுதான்.

இப்போது எல்லாரும் விழுகிற பள்ளம். இடுப்பைச் சுற்றி விரலால் 1 செ.மீ. மடிப்புப் பிடித்தால் எவ்வளவு குறையும்? மடிப்பு இரட்டைத் துணி, அதனால் முன்னால் 2, பின்னால் 2, மொத்தச் சுற்றில் 4 செ.மீ. போய்விடும். பக்கத் தையலும் அப்படித்தான்: ஒவ்வொரு பக்கமும் 1 செ.மீ. உள்ளே தைத்தால் சுற்றளவில் 4 செ.மீ. குறையும். தோள் மட்டும் வேறு. சுற்று அந்தத் தையலை ஒரு தடவைதான் கடக்கும், ஆகவே 1 செ.மீ. பிடித்தால் 2 செ.மீ.

8 செ.மீ. அதிகம் என்று பார்த்துவிட்டு இடுப்பில் 4 செ.மீ. மடிப்புப் பிடித்தவர்கள் உண்டு. 16 செ.மீ. போய், பிள்ளை தலைக்கு மேல் கையைத் தூக்க முடியவில்லை. நான் பிரித்த கணக்கு இது: தோளில் 1 செ.மீ. பிடித்து 2 செ.மீ., இடுப்பில் 1.5 செ.மீ. மடிப்புப் பிடித்து 6 செ.மீ. கூட்டினால் 8.

5. மிச்சத் துணியில் தையல் பழகுங்கள்

லியோடார்டில் நேராக ஊசியை இறக்காதீர்கள். பழைய லெகின்ஸோ நீச்சல் உடுப்போ ஒன்றை வெட்டி அதில் தைத்துப் பாருங்கள்.

ஜிக்ஜாக் மெஷின் என்றால் சேர்ப்புத் தையலுக்கு அகலம் 0.5 முதல் 1, நீளம் 2.5. எலாஸ்டிக்குக்கு அகலம் 3, நீளம் 3. துணியை அழுத்திப் பிடிக்கிற மெஷின் பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்க முடிந்தால் குறையுங்கள். அழுத்தம் அதிகமானால் மேல்துணி நீண்டு, தையல் அலை அலையாக நிற்கும்.

நேர்த்தையல் மெஷின் என்றால் தையல் நீளம் 2 மி.மீ., மேல்நூல் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்திவிடுங்கள். ஒரு கை பாதத்துக்கு முன்னாலும் ஒரு கை பின்னாலும் துணியைப் பிடித்து, லேசாக இழுத்துக்கொண்டே தையுங்கள். இழுபட்ட துணியில் விழுந்த தையல், துணி சுருங்கும்போது நெருங்கி உட்கார்ந்து, அடுத்த தடவை இழுபட நூலை மிச்சம் வைத்திருக்கும். 2 மி.மீ. தள்ளி இரண்டாவது வரி ஒன்றும் ஓட்டுங்கள். பின்னால் இழுக்கிற கை துணியைத் தள்ளிவிடக் கூடாது, தள்ளினால் ஊசி தகட்டில் பட்டு ஒடியும். இரண்டு கையும் ஒரே அளவு இழுக்க வேண்டும், நகர்த்துகிற வேலையை மெஷின் பார்த்துக்கொள்ளும்.

ஆரம்பத்தில் துணியை மெஷின் உள்ளே இழுத்து விழுங்கினால், மெல்லிய வெள்ளைக் காகிதத்தை அடியில் வைத்துத் தைத்துப் பிறகு கிழித்துவிடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும்.

தைத்த தையலில் 10 செ.மீ. அளந்து 15 வரை இழுங்கள். "டக்"கென்று சத்தம் வந்தால் நூல் அறுந்தது. சத்தம் வராத வரைக்கும் பழகுங்கள். நேர்த்தையலில் எவ்வளவு பழகினாலும் அறுந்துகொண்டே இருந்தால், நீங்கள் அடையாளம் வைத்து ஓட்டுத் தையல் போட்டுவிட்டு, ஓவர்லாக் அடிக்கிற கடையில் கொடுத்துத் தைத்து வாங்கலாம். அளவுதான் முக்கியம், அது உங்கள் கையில் இருக்கிறது.

6. உயரம் முதலில்: இடுப்பு மடிப்பு

பிள்ளையின் இடுப்பில் மெல்லிய எலாஸ்டிக்கைக் கட்டி, இரண்டு பக்கமும் சாய்ந்து நிமிரச் சொல்லுங்கள். எலாஸ்டிக் தானாகப் போய் இடுப்பின் ஒடுங்கிய இடத்தில் உட்காரும். அதிலிருந்து 2 செ.மீ. மேலே சுற்றிலும் சோப்பால் கோடு போடுங்கள்.

ஏன் அந்த இடம்? இரண்டு காரணம். ஒடுங்கிய இடத்துக்குப் பக்கத்தில் மடித்தால் மடிப்பின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஏறக்குறைய ஒரே அகலம், சுருக்கம் விழாது. இரண்டாவது காரணம், பிள்ளைகள் பிடித்துச் சுற்றுகிற 'பார்' என்னும் கம்பி. பாரில் சுற்றும்போது கம்பி பதிவது தொடையும் வயிறும் சேர்கிற மடிப்பில், இடுப்பெலும்பு மட்டத்தில். மடிப்பு அங்கே வந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் தையல் தோலில் அழுந்தும். ஒரு பிள்ளைக்குத் தைத்துக் கொடுத்தவர்கள் மடிப்பை இப்படிக் கீழே வைத்திருந்தார்கள். பிள்ளையின் வயிற்றில் குறுக்கே சிவந்த கோடு இரண்டு நாள் போகவில்லை. அதைப் பார்த்த நாளிலிருந்து இந்த 2 செ.மீ. விஷயத்தில் நான் யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை.

கோட்டுக்கு மேலே 1.5, கீழே 1.5 செ.மீ. இன்னும் இரண்டு கோடு போடுங்கள். நல்ல பக்கம் உள்ளே இருக்க, நடுக்கோட்டில் மடித்து, மேல்கோடும் கீழ்க்கோடும் ஒன்றின்மேல் ஒன்று வரும்படி சேருங்கள். முதலில் இரண்டு பக்கத் தையலையும் நேருக்கு நேர் வைத்துக் குத்துங்கள், பிறகு முன்நடு, பின்நடு, அப்புறம் மிச்சம். இந்த நாலு இடம் பொருந்தினால் மற்றது தானாகப் பொருந்தும். துணியில் டிசைன் கோடு ஏதாவது அந்த உயரத்தில் ஓடினால் மடிப்பை அதன் ஓரத்துக்குத் தள்ளுங்கள், தையல் மறைந்துவிடும்.

சுற்றிலும் கையால் ஓட்டுத் தையல் போட்டு, பிள்ளைக்குப் போட்டு, மறுபடி எல்லா அசைவும் பாருங்கள். சரி என்று தெரிந்த பிறகுதான் மெஷின். மடிப்பை வெட்டாதீர்கள். மேல்நோக்கி மடக்கி, பக்கத் தையல் இரண்டிலும் பின்நடுவிலும் மட்டும் தளர்வாக ஒரு கைத்தையல் பிடித்து வையுங்கள்.

கல் பதித்த, மினுமினு அச்சுள்ள துணி என்றால் தையல் போகும் வழியில் உள்ள கற்களை முன்னாலேயே எடுத்துவிடுங்கள். கல்லில் பட்டால் ஊசி ஒடியும், துண்டு தெறிக்கும். அச்சுத் துணியிலும் வெல்வெட்டிலும் ஊசி ஓட்டை மறையாது, அதனால் பிரித்துத் தைக்கிற வேலைக்கு அங்கே இடமில்லை. ஓட்டுத் தையலைக்கூட மடிப்புக்குள் மறைகிற பக்கமாகவே போடுங்கள்.

7. தோள்

கையில்லாத உடுப்பு என்றால் மட்டும் இந்த வேலை. முழுக்கை உடுப்பில் தோளைப் பிடிக்க வேண்டுமானால் கையைப் பிரிக்க வேண்டும். புதிதாகச் செய்பவர்களுக்கு அது வேண்டாம், முழு அளவையும் இடுப்பிலேயே எடுத்துவிடுங்கள்.

கழுத்திலும் கைக்குழியிலும் எலாஸ்டிக் ஓரத்தைத் தோள் தையலின் இரண்டு பக்கமும் 3 செ.மீ. பிரித்துவிட்டு, தோள் தையலை 1 செ.மீ. உள்ளே தைத்து, மிச்சத்தை 6 மி.மீ. விட்டு வெட்டி, எலாஸ்டிக் ஓரத்தை மடித்துத் தையுங்கள். பிரிக்காமல் மேலேயே ஒரு தையல் ஓட்டினால் அந்த இடம் கட்டியாக நிற்கும். கையை முழுக்க நீட்டி ஊன்றித் தலைகீழாக ஹேண்ட்ஸ்டாண்ட் நிற்கும்போது அந்தக் கட்டி கழுத்தெலும்பில் உரசும்.

தோளைப் பிடித்தால் கைக்குழியும் சின்னதாகும். 1 செ.மீ. தாங்கும், 2 என்றால் அக்குளில் வெட்டும்.

8. மறுபடி போட்டுப் பார்த்துவிட்டுப் பக்கத் தையல்

உயரம் முடிந்ததும் பக்கத்தில் பிடிக்க நினைத்த அளவில் பாதி தேவையில்லாமல் போய்விடும். அதனால் பழைய குறிப்பை நம்பாமல் பிள்ளைக்கு மறுபடி போட்டுப் பாருங்கள்.

பிளவுஸ் தைத்த கைகளுக்கு ஒரு வார்த்தை: இங்கே டாட் கிடையாது, இடுப்பை ஒடுக்கிக் காட்டுகிற வளைவும் வேண்டாம். துணியே இழுபட்டு உடம்பின் வளைவைப் பிடிக்கும். நெஞ்சில் 1 செ.மீ., இடுப்பில் 1, ஹிப்பில் அரை என்று மெல்லிய சாய்வாகக் கோடு போடுங்கள். கால் ஓரத்துக்கு வரும்போது கோடு செங்குத்தாக முடியட்டும், சாய்வாக முடிந்தால் கால் வெட்டில் மூக்கு நீட்டிக்கொண்டு நிற்கும்.

கால் எலாஸ்டிக்கைப் பக்கத் தையலின் இரண்டு புறமும் 6 செ.மீ. பிரித்த பிறகே பக்கத்தைத் தையுங்கள். எலாஸ்டிக்கோடு சேர்த்து மடித்துத் தைத்தால் அந்த இடத்தில் எட்டு மடங்கு துணி சேரும், பிள்ளை ஸ்ப்ளிட்டில் உட்காரும்போது முதலில் அறுவதும் அங்கேதான்.

முழுக்கை உடுப்பில் கை ஓரத்திலிருந்து கால் ஓரம் வரை ஒரே தையலாக ஓடும். அக்குளில் நிறுத்தாமல் வளைவாகப் போங்கள், அந்த வளைவில் இரண்டு வரி தையுங்கள். கை நீளம் மணிக்கட்டு எலும்பைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பாரைப் பிடிக்கும்போது துணி உள்ளங்கைக்கு அடியில் போய்ப் பிடி வழுக்கும். இதை மட்டும் "பரவால்ல, அடுத்த வருஷம் சரியாகிரும்" என்று விடவே வேண்டாம். இன்றைக்கே மடித்துத் தையுங்கள்.

9. கால் எலாஸ்டிக்

தொடையைக் குறுக்கே அளக்காதீர்கள். கால் வெட்டு போகும் வழியிலேயே, ஹிப்பிலிருந்து கால் நடுவரைக்கும் சாய்வாக டேப்பைச் சுற்றி அளக்க வேண்டும். 42 செ.மீ. வந்தால் பத்தில் ஒரு பங்கு கழித்து 38, அதோடு ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தைக்க 1.5 செ.மீ.

பழைய எலாஸ்டிக் நன்றாக இருந்தால் பக்கத் தையலில் மிஞ்சியதை மட்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றித் தைத்துவிடலாம். தளர்ந்திருந்தால் முழுவதும் மாற்றுங்கள். மாற்றும்போது முன்பக்கம் இழுக்காமல் வைத்துத் தைத்து, எல்லா இழுவையையும் பின்பக்கத்துக்குக் கொடுங்கள். உடம்பு வளைந்து துணி எழும்புவது பின்னால். முன்னால் இழுத்துத் தைத்தால் தொடை மடிப்பில் அறுக்கும், பின்னால் எழும்புவதும் நிற்காது. கால் நடுவே உள்ள லைனிங்கின் ஓரத்தையும் எலாஸ்டிக்கோடு சேர்த்துப் பிடிக்க மறக்காதீர்கள். விட்டுப்போனால் லைனிங் சுருண்டு பிள்ளைக்கு உரசும்.

பத்து நிமிஷம் போட்டு விளையாடவிட்டுக் கழற்றிப் பாருங்கள். லேசான தடம் இருந்தால் சரி. அழுத்தமான சிவந்த பள்ளம் இருந்தால் பிரித்து 1 செ.மீ. கூட்டுங்கள். "பெரியம்மா, கடிக்கு" என்று பிள்ளை சொன்னால் தடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூட்டுங்கள்.

கால் வெட்டை மேலே ஏற்றிக் கேட்கிற தாய்மார் உண்டு, கீழே இறக்கிக் கேட்பவர்கள் அதைவிட அதிகம். சர்வதேச விதிப்படி கால் வெட்டு இடுப்பெலும்பைத் தாண்டி மேலே போகக் கூடாது. முழுக்கால் மூடிய உடுப்புக்கும் அனுமதி உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனிப் பெண்கள் அணி கணுக்கால் வரை மூடிய உடுப்பில்தான் ஆடினார்கள். பிள்ளை காலை மூடிக்கொள்ள விரும்பினால் ஓரத்தை இழுத்து இறக்கப் பார்க்காமல், பயிற்சியாளரிடம் கேட்டுவிட்டு ஒட்டிய லெகின்ஸ் போட்டுவிடுங்கள்.

10. கால் நடுத் தையலைத் தொடலாமா

உயரத்தைக் குறைக்க இது சுலபமான வழி போலத் தெரியும். பிடித்தால் கால் வெட்டின் உருவமே மாறிவிடும். உரசல் அதிகமான இடமும் அதுதான். மற்ற இரண்டு வழியும் முடிந்து இன்னும் 1 செ.மீ. தொங்கினால் மட்டும் தொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

11. மூன்று வகுப்புக்குப் பிறகு வெட்டுங்கள்

தைத்த அன்றே பக்கத் தையலின் மிச்சத் துணியை வெட்டாமல் மூன்று வகுப்புக்குப் போட்டு அனுப்புங்கள். நூல் முனைகளை மட்டும் உள்ளே இழுத்து முடிச்சுப் போட்டு நறுக்கிவிடுங்கள். உள்ளே ஊக்கு எதுவும் விட்டுப்போகவில்லை என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். எத்தனை ஊக்கு குத்தினோம் என்று எண்ணி வைத்தால் எடுக்கும்போது தவறாது.

மூன்று தடவை வியர்வையில் நனைந்து, அலசிக் காய்ந்த பிறகும் தையல் அறாமல், பிள்ளை உடுப்பை இழுத்துவிடாமல் இருந்தால் பக்கத் தையலின் மிச்சத்தை 7 மி.மீ. விட்டு வெட்டலாம். இடுப்பு மடிப்பை அப்போதும் வெட்ட வேண்டாம்.

நம்மூர் வெயிலில் இதைக் கொடியில் காயப்போட்டால் இரண்டே மாதத்தில் நிறமும் இழுவையும் போய்விடும். வகுப்பு முடிந்து வந்ததும் பச்சைத் தண்ணீரில் அலசி, பிழியாமல், துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, நிழலில் விரித்துப் போடுங்கள். பிளீச்சிங், சுடுதண்ணீர், இஸ்திரி மூன்றும் லைக்ராவுக்கு ஆகாது.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை உடல் சுற்றை மட்டும் அளந்து, உடுப்பின் அளவுகளோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சுற்று 4 செ.மீ. கூடியதும் முதலில் இடுப்பு மடிப்பைப் பிரித்து, 1.5 செ.மீ. மடிப்பை அரை செ.மீ. ஆக்கித் தையுங்கள், அந்த 4 செ.மீ. திரும்பக் கிடைக்கும். அதற்கடுத்த தடவை மிச்ச அரையையும் பிரித்துவிடலாம்.